மடிக்கணினியின் மின்கல ஆயுள்

தோற்றுவாய்

எண்ணெயற்ற விளக்கு எத்துணை அழகியதாயினும் இருளை ஓட்டாது. மணவாளன் வரவை நோக்கிச் சென்ற கன்னியர் பதின்மருள் ஐவர், விளக்கைக் கொண்டு எண்ணெயை மறந்து, அடைத்த கதவின் புறத்தே நின்ற உவமையை நம் கல்லூரி மாணாக்கர் யாவரும் அறிவர். இக்காலத்து மாணாக்கன் ஏந்திச் செல்லும் விளக்கு மடிக்கணினியாம். அதன் எண்ணெய் மின்கலத்துள் அடங்கிய ஆற்றலாம். அகராதியும் நூலும் குறிப்பேடும் இன்று அச்சிறு பெட்டகத்துள் ஒடுங்கியிருத்தலின், மின்கலம் ஓய்ந்தவுடன் அவை அனைத்தும் ஒருங்கே ஓய்கின்றன.

தமிழ் பயிலும் யாம் இப்பொருளை ஆராயப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். அடையாற்றுப் பக்கத்து நூலகம் ஒன்றில், வெளியே கொண்டு செல்லலாகாத பழம்பதிப்பொன்றை வைத்துப் பாடவேறுபாடுகளைக் குறித்துக்கொண்டிருந்தோம். மேசையருகே பிளக்குப் பொருத்த இடமில்லை. கணினியோ இன்னும் இரண்டு மணி நேரம் இயங்குமெனத் திரையில் காட்டிற்று. அதனை நம்பி எழுதினோம். இருபது நிமிடத்திற்குள் திரை இருண்டது. சேமியாது விட்ட குறிப்புகள் மறைந்தன. நூலகம் மூடும் வேளையும் நெருங்கியது. இரண்டு மணி என்று சொன்ன கருவி இருபது நிமிடத்தில் அணைந்தது எவ்வாறு? அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முற்காலக் கணினிகள்

தூக்கிச் செல்லும் கணினிகளுள் முதன்மையாகப் பேசப்படுவது 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 என்பது. அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ. தையற்பொறிப் பெட்டி போல அதனைத் தூக்கிச் செல்லலாமேயன்றி, சுவரிலுள்ள மின்சாரத்தில் இணைத்தாலன்றி அஃது இயங்காது. அதே ஆண்டு அறிவிக்கப்பெற்ற எப்சன் எச்எக்ஸ்-20 என்பதோ 1.6 கிலோ எடையே உடையது. நிக்கல்-காட்மியம் மின்கலத்தால் அஃது ஏறத்தாழ 50 மணி நேரம் இயங்கிற்று. 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்பது, டார்ச்சு விளக்கிற்கு இடுவது போன்ற சிறு பேட்டரிகள் நான்கினால் 20 மணி நேரம் அளவும் இயங்கிற்று. செய்தியாளர் பலர் அதனை விரும்பிக் கைக்கொண்டனர்.

இக்காலக் கணினி பல ஐந்து மணி நேரத்தில் சோர, நாற்பதாண்டுக்கு முந்தியவை அத்துணைப் பொழுது இயங்கியது யாங்ஙனம்? அவற்றின் மின்கலம் சிறந்ததன்று, தேவை சிறியது. அவற்றின் திரை சிலவரிகளே காட்டும், திரைக்குப் பின்னே ஒளி இல்லை, வண்ணமும் இல்லை, இணையமும் இல்லை. செலவு சுருங்கிய குடும்பத்திற்குச் சிறு வருவாயும் போதுமானவாறு, அவற்றிற்குச் சிறு மின்கலமும் போதுமானதாயிற்று. வரவும் செலவும் ஆகிய இவ்விரண்டையும் மனத்துட்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

மின்கலத்தின் இயல்பு

இன்றைய மடிக்கணினிகளில் உள்ளது இலித்தியம்-அயனி மின்கலம். 1970ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி விட்டிங்காம் இலித்திய மின்கலத்திற்கு வழிகோலினார். 1980இல் ஆக்சுபோர்டில் இருந்த ஜான் குடெனஃப் நேர்முனைக்குக் கோபால்ட்டு ஆக்சைடு உகந்ததெனக் காட்டினார். 1985இல் சப்பானியராகிய அக்கிரா யோஷினோ எதிர்முனையில் தூய இலித்தியத்திற்கு மாறாகக் கரிப்பொருளை அமைத்து, அதனை அச்சமின்றிக் கையாளத்தக்கதாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்குரிய நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. அப்பொழுது குடெனஃபின் அகவை 97.

இத்துறைக்கும் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்திலும் பொருளிலும், 1948இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இலித்தியம்-அயனி மின்கலத்தை உள்நாட்டிலேயே செய்யும் முறையை ஆராய்ந்து வந்துள்ளது. மாதிரி மின்கலங்களைச் செய்தற்குரிய கூடமொன்றையும் அது சென்னையில் அமைத்தது.

மின்கலத்துள் நிகழ்வது யாது? நேர்முனை, எதிர்முனை என இரு கரைகள் உள. இடையே மின்பகுளி என்னும் நீர்மம் உளது. மின்னேற்றும் பொழுது இலித்திய அயனிகள் நேர்முனையை விட்டு எதிர்முனையாகிய கரியின் அடுக்குகளுள் சென்று தங்கும். கணினி இயங்கும் பொழுது அவை மீண்டும் பழைய கரைக்கே திரும்பும். காலையில் அலுவலகம் சென்று மாலையில் வீடு திரும்பும் மாந்தரைப் போல அவை நாடோறும் இங்குமங்கும் செல்கின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சில அயனிகள் வழியிற் சிக்கித் திரும்பாதொழிகின்றன. இதுவே மின்கல முதுமைக்குத் தலையாய காரணம்.

வரவும் செலவும்

மின்கலத்துள் அடங்கிய ஆற்றலை வாட்-மணி என்னும் அளவாற் கூறுவர். கணினியின் செலவை வாட் என்பர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் இயங்கும் நேரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 42 வாட்-மணி கொண்ட கணினியில் திரையொளியைத் தாழ்த்திக் கட்டுரை எழுதுங்கால் 6 வாட் செலவாகுமெனின், 7 மணி நேரம் இயங்கும். அதே கணினியில் முகம் பார்த்து உரையாடும் வகுப்பில் அமர்ந்து 14 வாட் செலவழித்தால், 3 மணி நேரமே இயங்கும். விற்போர் பெட்டியின்மேல் பொறிக்கும் மணிக்கணக்கு மிகக் குறைந்த செலவில் கண்டதாகலாம். ஆகவே வாங்குவோர் மணிக்கணக்கை மட்டும் நம்பாது, வாட்-மணி எத்துணை என வினவுதல் வேண்டும்.

பவர் பேங்கு வாங்குவோர்க்கும் இக்கணக்கு உதவும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது பெரிதாகத் தோன்றும். அதனை 3.7 வோல்ட்டாற் பெருக்கிக் கணக்கிட்டால் 74 வாட்-மணியே. அதிலும் ஒரு பகுதி மாற்றத்தில் வெப்பமாய்க் கழியும். மேலே கூறிய கணினியை அஃது ஒருமுறை நிரப்புமேயன்றி இருமுறை நிரப்பாது. பழைய மாதிரிக் கணினிகள் சிலவற்றைப் பவர் பேங்கால் நிரப்பவும் இயலாது. சி-வகைத் துளைவழி மின்னேற்றம் கொள்ளுமா என முன்னரே அறிதல் நலம்.

ஆயுள் இருவகைத்து

மின்கல ஆயுள் என்னும் சொல் இரு பொருள் தரும். ஒருமுறை நிரப்பினால் எத்துணைப் பொழுது இயங்கும் என்பது நாளாயுள். எத்தனை ஆண்டு பயன்படும் என்பது ஆண்டாயுள். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலாலேயே பல தவறுகள் நேர்கின்றன.

மடிக்கணினி மின்கலங்கள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பர். இன்று வருவன சில இன்னும் நெடிது உழைக்கும். முழுச் சுற்றாவது நூறு விழுக்காட்டளவு செலவிடுதல். ஒரு நாள் பாதியும் மறுநாள் பாதியும் செலவிட்டால் இரண்டும் கூடி ஒரு சுற்றேயாம். கொள்ளளவு அறுபது விழுக்காடாகக் குறைந்த காலத்து, முன்னே கண்ட 7 மணி நேரம் 4 மணி 12 நிமிடமாகச் சுருங்கும்.

அன்றியும், முதுமையுற்ற மின்கலத்துள் மின்தடை மிகும். கணினி திடீரென மிகுந்த ஆற்றலை வேண்டுங்கால், அதன் வோல்ட்டு அளவு சடக்கென வீழும். இருப்பு எஞ்சியிருப்பினும் கணினி அணைந்துவிடும். இளமைக் கணக்கையே பற்றிக்கொண்டு எஞ்சிய நேரத்தை மதிப்பிடும் கருவி இதனை முன்னறியாது. எமக்கு நூலகத்தில் நேர்ந்தது இதுவே. பிழை நூலகத்ததன்று, மின்கலத்தின் வயதை அறியாதிருந்த எம்முடையதே.

வயதை அறிதல் அரிதன்று. விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என ஆங்கில எழுத்துகளில் தட்டினால் அறிக்கையொன்று உண்டாகும். செய்தபொழுது இருந்த கொள்ளளவும் இன்றுள்ள கொள்ளளவும் அதிற் காணப்படும். பின்னதை முன்னதால் வகுத்துக் காண்க.

சென்னையும் மின்கலமும்

மின்கலத்தின் பெரும்பகை வெப்பம். சூழல் 35 பாகை செல்சியசைக் கடவாதிருத்தல் நன்று என்பது கணினி செய்வோர் பலரும் கூறும் அறிவுரை. சென்னையிலோ மே திங்களில் வெயில் 40 பாகையைக் கடக்கும் நாள்கள் உள. தியாகராய நகரில் கடைத்தெருவோரம் வண்டியை நிறுத்தி, அதன் பெட்டியுள் கணினியை அடைத்துச் செல்வோர், புறவெயிலினும் மிக்க வெப்பத்தில் அதனை வேகவைக்கின்றனர். மெத்தைமேலும் தலையணைமேலும் கணினியை வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு உள்வெப்பம் ஏறும். இயக்கத்தை நிறுத்தாது பைக்குள் இட்டு, திருமயிலை நிலையத்தில் பறக்கும் இரயிலேறித் திருவான்மியூரில் இறங்குவோர் பை சூடேறியிருக்கக் காண்பதும் உண்டு.

மற்றொரு பகை மின்தடை. 2015ஆம் ஆண்டு திசம்பரில் அடையாறு கரைபுரண்டது. 2016 திசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நகரின் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துச் சென்றது. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2023 திசம்பரில் மிக்சாம் புயலால் மீண்டும் தெருக்களில் வெள்ளம் நின்றது. மூன்றும் திசம்பரில் நேர்ந்தன என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்வாராக.

பேணும் நெறி

ஆண்டாயுளை விரும்புவோர் நாடோறும் நூறளவும் நிரப்பாது எண்பதில் நிறுத்துதல் நன்று. இக்காலக் கணினி பலவற்றில் அவ்வாறு வரம்பிடும் வசதி உண்டு. முற்றும் வடியவிட்ட பின்னரே நிரப்பவேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்து வழக்கம். இலித்தியத்திற்கு அது தீங்கு. இருபதளவில் நிரப்பத் தொடங்குக. விடுமுறையில் நெடுநாள் வைத்துச் செல்வோர் பாதியளவு நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைக்க.

நாளாயுளை விரும்புவோர் முதலில் திரையொளியைத் தாழ்த்துக; பெரும்பாலும் திரையே முதற்பெருஞ் செலவாளி. வேண்டாத சாளரங்களை மூடுக. இணையம் வேண்டாத பொழுது அதனைத் துண்டித்துவிடுக. பேரகராதியையும் வேண்டும் நூல்களையும் முன்னரே கணினியுள் இறக்கி வைத்துக்கொள்க.

இவ்விரு நெறிகளும் ஒன்றோடொன்று முரணுதலும் உண்டு. புயல் அறிவிப்பு வந்த நாளில் எண்பதில் நிறுத்துதல் அறிவுடைமையன்று. அன்று நூறளவும் நிரப்புக. ஒரு நாளின் தேவைக்காக ஆயுளில் சிறுபங்கு ஈவது தகும். நாடோறும் அங்ஙனம் ஈவதே வீண்.

மின்கலம் புடைத்துத் தட்டச்சுப் பலகை மேலெழக் கண்டால் அக்கணமே பயன்பாட்டை நிறுத்துக; அழுத்தவும் துளைக்கவும் வேண்டா; தீப்பற்றும். புதியது வாங்குவோர் கணினியின் மாதிரி எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குக. பழையதைக் குப்பையில் எறியலாகாது. 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தி செய்வோர்மேல் சுமத்தியுள்ளன.

முடிவுரை

2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு மேனிலைப்பள்ளி மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல எளிய இல்லங்களில் முதன்முதல் நுழைந்த கணினி அதுவே. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், இருபது இலட்சம் கல்லூரி மாணாக்கர்க்கு ஈராண்டில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படுமென அரசு அறிவித்தது. கருவி கிடைப்பது ஒரு பேறு; அது நிலைப்பது மற்றொன்று. திரையும் பலகையும் பழுதின்றி இருப்பவும், மின்கலம் ஒன்று இறந்தமையால் பரண்மேல் ஏறிய கணினிகளை யாம் கண்டுளோம். செல்வர் வீட்டு மாணாக்கன் புதியதொன்று வாங்குவான். ஏழை மாணாக்கன் சுவரோரப் பிளக்கைத் தேடி அலைவான், அல்லது எழுதுவதையே கைவிடுவான்.

எனவே இரண்டு வேண்டுகோள்களோடு இக்கட்டுரையை முடிக்கின்றோம். நம் கல்லூரி நூலகத்தில் ஒவ்வொரு நீள்மேசைக்கும் மின்னேற்றும் வசதி அமையுமாறு ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வாராக. பழைய மாணவர் சங்கத்தார், ஆண்டுதோறும் சில மின்கலங்களையேனும் வாங்கியளித்து, ஓய்ந்து கிடக்கும் கணினிகளுக்கு உயிரூட்டுவாராக. பெருஞ்செலவன்று, ஒரு புதிய கணினியின் விலையில் பல மின்கலம் வாங்கலாம். மாணாக்கராகிய நாமோ, உவமையிற் கண்ட அறிவுடைக் கன்னியரைப் போல, விளக்கோடு எண்ணெயையும் எண்ணிப் புறப்படுவோமாக.