திறப்பு ஒருவர் கையில் – வலையமைப்பு நிர்வாகியும் கண்காணிப்பும்

ஒரு நிறுவனத்தின் கணினிகளை ஒன்றாக இணைத்துப் பராமரிப்பவரை வலையமைப்பு நிர்வாகி என்கிறோம். யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதை அழிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. எல்லா அறைகளின் திறப்புகளும் அவரிடம் இருக்கின்றன எனலாம். அவர் மீதே சந்தேகம் எழுந்தால் நிறுவனம் என்ன செய்வது? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்று, நாளை அத்தொழிலுக்கே செல்ல விரும்பும் எனக்கு இது வெறும் பரீட்சை வினாவாகத் தோன்றவில்லை.

இதற்கு விடை தேடியபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி வாசித்தேன். ஒமேகா என்ஜினியரிங் என்பது அளவீட்டுக் கருவிகளைச் செய்யும் நிறுவனம். அங்கே 11 ஆண்டுகள் பணிபுரிந்த திமோத்தி லொயிட் என்பவரே வலையமைப்பைப் பொறுப்பேற்றிருந்தார். 1996 ஜூலை 10 ஆம் திகதி அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஜூலை 31 ஆம் திகதி காலையில் மத்திய சேவையகம் இயங்கவில்லை. உற்பத்தி இயந்திரங்களை இயக்கும் 1000 இற்கும் மேற்பட்ட நிரல்கள் அழிந்திருந்தன. காப்புப் பிரதி நாடாவைத் தேடினார்கள்; அதுவும் இல்லை. நட்டம் 10 மில்லியன் டொலருக்கும் அதிகம் எனக் கணக்கிடப்பட்டது. 80 பேர் தொழிலை இழந்தனர்.

இவ்வளவையும் செய்தவை ஆறே ஆறு வரிக் கட்டளைகள். ஜூலை 30 ஆம் திகதிக்குப் பின் எவரேனும் சேவையகத்தில் நுழைந்தால் அனைத்தையும் அழிக்குமாறு அவை எழுதப்பட்டிருந்தன. காப்பு நாடாக்கள், பதிவுகள் அழிக்கப்பட்ட நிலையில், லொயிட்டின் வீட்டில் கிடைத்தன. 2000 ஆம் ஆண்டு மே மாதம் ஜூரிகள் அவரைக் குற்றவாளியாகக் கண்டனர். 2002 இல் 41 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விடயம். அதே போன்ற கட்டளைகள் 1996 பெப்ரவரி, ஏப்ரல், மே மாதங்களிலேயே பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருந்தன. தடயம் சேவையகத்திலேயே கிடந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது!

ஆகவே, சந்தேகம் வந்த பின் கண்காணிக்கத் தொடங்குவது கடினம். கண்காணிக்கும் கருவிகளே சந்தேகத்துக்குரியவர் கையில் இருக்கும். முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில உள்ளன. முதலாவது, நிர்வாகி செய்யும் ஒவ்வொரு செயலின் பதிவும், அவரால் திருத்தவோ அழிக்கவோ முடியாத வேறொரு கணினிக்கு உடனுக்குடன் செல்ல வேண்டும். இரண்டாவது, காப்புப் பிரதி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்; அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என இடைக்கிடையே சோதிக்கவும் வேண்டும். மூன்றாவது, உயர் அதிகாரமுள்ள கடவுச்சொற்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவையாக இருக்கக் கூடாது. நான்காவது, ஒருவர் விலகும் நாளிலேயே அவரது அனுமதிகள் நீக்கப்பட்டு, அவர் அறிந்த கடவுச்சொற்கள் மாற்றப்பட்டு, அவர் அமைத்த தானியங்கிக் கட்டளைகள் பரிசோதிக்கப்பட வேண்டும்.

அப்படியும் சந்தேகம் எழுந்தால்? சக ஊழியர் ஒருவர் தன்னிச்சையாக உளவு பார்ப்பது முறையன்று. மேலாளரின் எழுத்துமூல அனுமதியுடன், சட்ட ஆலோசனை பெற்று, வெளி நிபுணர் ஒருவரைக் கொண்டு ஆராய்வதே பொருத்தம். அலுவலகக் கணக்குகளைப் பார்க்கலாம். ஒருவரின் சொந்தக் கடிதங்களைத் துருவுவது வேறு விடயம். நள்ளிரவில் ஒருவர் சேவையகத்தில் நுழைந்தார் என்ற பதிவு மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. பழுதான இயந்திரத்தைச் சீர்செய்யத் தூக்கத்தை விட்டு எழுந்தவராகவும் அவர் இருக்கலாம்.

என்னைக் கண்காணிப்பார்களா என்று கேட்டால், கண்காணிக்கட்டும் என்பேன். நேர்மையாக உழைக்கும் நிர்வாகி மீது வீண்பழி விழும் நாளில், அவரால் மாற்ற முடியாத அந்தப் பதிவேதான் அவருக்காகச் சாட்சி சொல்லும்.