உறைபனிக் காலத்தில் புறக்கடைக் கோழிகள்

நீலகிரி மலையின் உயர்ந்த பாகங்களில் நவம்பர் மாதப் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையில் பல இரவுகளில் உறைபனி விழுகின்றது. உதகமண்டலத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் பனி படிந்திருக்கும். வெளியில் வைத்த பாத்திரத்து நீரின்மேல் மெல்லிய பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும். இப்பருவம் வந்ததும் புறக்கடையில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்ப்போர் பலர் செய்யும் முதற்காரியம், கூட்டின் சந்துகளையெல்லாம் கோணியாலும் களிமண்ணாலும் அடைத்துவிடுவதேயாகும். கோழி விறைத்துப் போகுமே என்னும் இரக்கமும், கீரி, காட்டுப்பூனை முதலியவற்றைப் பற்றிய அச்சமும் இதற்குக் காரணங்கள். சில வாரங்களுக்குள் கோழிகள் மூக்கொழுகி, கண் வீங்கி, தொண்டையில் கரகரப்புடன் மூச்சுவிடத் தொடங்கும். முட்டை குறையும், இரண்டொன்று மாண்டும் போகும். வீட்டுப் பெண்மக்களின் கைச்செலவுக்கு உதவிவந்த முட்டைக்காசு நின்றுபோக, பழி முழுவதும் குளிரின்மேல் சுமத்தப்படுகின்றது. பெரும்பாலும் குற்றம் அடைத்த கூட்டினுடையதே.

கோழியின் உடல் உஷ்ணம் சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. அதன் இறகுகளுக்கு அடியிலுள்ள மென்தூவி, காற்றைச் சிறைப்படுத்தி அவ்வுஷ்ணத்தைக் காக்கின்றது. நன்கு இறகு முளைத்த கோழி, உலர்ந்த இடத்தில் ஊதற்காற்றுப் படாமல் இருக்குமாயின், நீர் உறையும் குளிரையும் தாங்கவல்லது. ஆனால் தூவி நனைந்தால் அதற்குள் காற்று தங்காது. உலர்ந்த கோழி தாங்கும் குளிரை நனைந்த கோழி தாங்காது.

இனி, இந்த ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று பார்க்கவேண்டும். பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நீர் பருகும். அதிற் பெரும்பகுதி மூச்சிலும் எச்சத்திலும் வெளிப்படுகின்றது. புதிய எச்சத்தில் முக்காற்பங்கு நீரே. அடைத்த கூட்டில் இந்த நீராவி போக வழியின்றிக் குளிர்ந்த கூரையில் துளித்துச் சொட்டுகின்றது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் சேர்ந்து மூச்சுக்குழலைப் புண்படுத்த, நோய்க்கிருமிகளுக்கு வாயில் திறக்கின்றது. காலையில் கூட்டைத் திறந்து, கோழியின் தலைமட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்கவும். கண் கரித்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அறிக. நின்றபடி முகர்ந்து பார்ப்பதிற் பயனில்லை.

நம் மலைக்குளிரினும் பன்மடங்கு கொடிய குளிருள்ள தேசத்தாரும் இதனைப் பட்டே அறிந்தனர். அமெரிக்காவில் பிரின்ஸ் டி. வுட்ஸ் என்பார், முன்புறம் கம்பிவலை மட்டும் அடித்துத் திறந்துவிட்ட கோழி வீடுகளைப் பற்றி 1912-ல் ஒரு நூலே வெளியிட்டார். அவ்வீடுகள் ஆழமாயிருந்தமையால் பின்பக்கத்தில் அடையும் கோழிகள்மேல் நேர்க்காற்றுப் படவில்லை. வெளியே பனி முழங்காலளவு கிடக்கும் நாட்டில் இது நடக்குமாயின், உதகையில் கூட்டை மூடி முத்திரையிடுவதற்கு நியாயம் ஏது?

ஆதலின் இறவாரத்தை ஒட்டி, கோழிகள் அடையும் மட்டத்துக்கு ஓரடியேனும் மேலே, காற்றடிக்கும் திசைக்கு மறுபுறத்தில் நீண்ட திறப்பு விடவேண்டும். கீழ்ச்சந்துகளை அடைப்பது சரியே. திறப்பின்மேல் அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான கம்பிவலையை ஆணியால் நெருக்கமாக அடித்துவிட்டால் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் அஞ்சவேண்டுவதில்லை. தகரக் கூரையாயின் அதனடியில் பலகையோ, இறுக்கிக் கட்டிய வைக்கோலோ பரப்புதல் மிகவும் அவசியம். உறைபனி விழுவது காற்றசையாத, மேகமற்ற இரவுகளில். அப்போது தகரம் வானத்தை நோக்கித் தன் உஷ்ணத்தை இழந்து, சுற்றிலுமுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குமாதலால், புதிதாகக் கூடு கட்டுவோர் ஓடைக்கரையை விடுத்துச் சற்று மேட்டில், காலை வெயில் முதலிற் படும் இடத்தைத் தேர்ந்துகொள்க.

அடையும் கட்டை இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டமாக இருத்தல் நலம். அதன்மேல் அமரும் கோழி தன் நெஞ்சிறகால் விரல்களை மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் இதற்கு ஆகாது. தரையில் நான்கு முதல் ஆறு அங்குல உயரம் உலர்ந்த வைக்கோல் அல்லது இழைப்புத்தூள் பரப்பி, அடிக்கடி கிளறி, நனைந்த பாகத்தை அப்புறப்படுத்தவும்.

குளிருக்கு அஞ்சிக் கூட்டுக்குள் கரியடுப்பு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனை அறவே விலக்கவேண்டும். எரியும் கரியிலிருந்து நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகின்றது. அடைத்த இடத்தில் அது கோழிகளை மட்டுமன்றி, பக்கத்து அறையில் உறங்கும் மனிதரையும் கொல்லவல்லது.

தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிடலாம். கோழி இருட்டில் நீர் அருந்துவதில்லை. காலையில் பனியேட்டை எறிந்துவிட்டு வெதுவெதுப்பான நீர் வைக்கவும். நீர் குறைந்தால் தீனி குறையும், முட்டையும் குறையும். குளிர்நாளில் தீனி கூடுதலாகவே செல்லும். மாலையில் அடையுமுன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பிடி மக்காச்சோளமோ கேழ்வரகோ கொடுத்தால், இரைப்பை நிறைந்து இரவெல்லாம் சீரணமாகி உடலுக்குச் சூடு தரும்.

முட்டை குறைவதற்குப் பகல் குறைதலும் ஒரு காரணம். நன்றாய் முட்டையிடச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். கானடாவின் மான்ட்ரியல் நகரில் டிசம்பர்ப் பகல் ஒன்பது மணிக்கும் குறைவு. உதகையிலோ ஏறத்தாழப் பதினொன்றரை மணி. எனவே நம் கோழிகள் அறவே நின்றுவிட்டால், இறகுதிர்ப்பு, வயது, ஈரம், நோய் ஆகியவற்றை முதலில் ஆராய்க. மூச்சுத் திணறலுடன் பச்சைநிறக் கழிச்சலோ கழுத்துத் திருகலோ கண்டால் அது ராணிக்கேத் நோயாக இருக்கலாம். அவற்றைப் பிரித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டவும். தடுப்பூசி பனிக்கு முன்பே போட்டிருக்கவேண்டும்.

பெரிய தனிக்கொண்டையுள்ள லெகார்ன் சேவல்களுக்குக் கொண்டை நுனி பனியால் கறுப்பதுண்டு. நீலகிரியில் இது அரிது; கூடு ஈரமாயிருந்தால் மட்டும் எதிர்பார்க்கலாம். கானடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓகா மடத்துத் துறவி வில்பிரிட் சாடெலேன் 1908-ல் தொடங்கி உருவாக்கிய சான்டெக்ளேர் என்னும் இனத்தில், இத்தீங்கு நேராதிருக்கவே கொண்டையும் தாடியும் மிகச் சிறியனவாக அமைக்கப்பட்டன. கறுத்த நுனியைத் தேய்க்கவும் வெட்டவும் கூடாது; அது தானே உலர்ந்து விழும்.

குஞ்சுகளுக்கு இதுகாறும் கூறியது பொருந்தாது. இறகு முளையாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று டிகிரி வீதம் குறைத்துவரலாம். மின்விளக்கு வைத்துக் காக்க வசதியில்லாதோர், டிசம்பர், ஜனவரியில் அடைக்கு வைக்காமல் மார்ச் வரையில் பொறுப்பது நலம்.