பெற்றோர் நிலையும் பிள்ளைகளின் கணக்கும்



தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தாயார் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அல்ஜிப்ரா எங்கிருந்து வரும் என்று கேட்போர் நம் சபாக் வட்டாரத்திலும் உண்டு. இப்பேச்சில் மெய் எவ்வளவு, பிழை எவ்வளவு என்று ஆராய்வோம்.

டிம்ஸ் என்னும் அனைத்துலகத் தேர்வை நம் நாட்டு இரண்டாம் படிவ மாணாக்கர் 1999 முதல் எழுதி வருகின்றனர். பெற்றோர் எதுவரை படித்தனர், வீட்டில் எத்தனை புத்தகங்கள் உள்ளன என்றும் அதில் கேட்கப்படுகிறது. படித்த வீட்டுப் பிள்ளைகள் சராசரியாகக் கூடுதல் புள்ளி பெறுவது மெய்தான். ஆயினும் நம் நாட்டின் கணிதச் சராசரி 1999இல் 519, 2023இல் 411. இவ்விடைக்காலத்தில் பெற்றோரின் படிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை. ஆகவே பெற்றோர் படிப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

கல்வி இரத்தத்தில் ஓடுவதன்று. வீட்டுப் பழக்கத்தில் ஊறுவது. அது பிள்ளையை எட்டும் வழிகள் மூன்று.

முதலாவது, மொழி. வீட்டில் பின்னம் என்பது இடைநிலைப் பள்ளியில் பெச்சாஹான் ஆகிறது. இரண்டும் ஒன்றே என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளை திகைக்கிறது.

இரண்டாவது, வசதி. அமைதியான இடம், விளக்கு, டியூஷன் பணம் ஆகியவை எல்லா வீட்டிலும் இல்லை.

மூன்றாவது, பேச்சு. கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது சிறு வகுப்புப் பிள்ளைகள் குறைவாகவே கற்றனர் என 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அச்சமும் தொற்றிக்கொள்ளும்!

மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டும் படித்து, தராசு பிடித்துப் பிழைக்கும் நம்மிடம் கணக்கு இல்லையா? ஜகாத்து நாற்பதில் ஒன்று. ஒருவர் கடன் போக 72,000 வெள்ளி விட்டு மறைகிறார். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கின்றனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, 9,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 12,000. மிச்சம் 51,000. மகள் பங்கை எக்ஸ் என்று வைத்தால் மகன் பங்கு அதில் இருமடங்கு. மூன்று எக்ஸ் 51,000. ஆக மகளுக்கு 17,000, மகனுக்கு 34,000. இதுவே அல்ஜிப்ரா! ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதியை இத்தகைய வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

ஆதலால் பெற்றோர் செய்யத்தக்கவை சில. "எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளை முன் சொல்லாதீர்கள். விடை சொல்லித்தர இயலாவிடில், "எப்படிப் போட்டாய், விளக்கு" என்று கேளுங்கள். விளக்கும்போதே பிள்ளைக்குத் தன் பிழை புலப்படும். இரவில் அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மூடி அருகில் அமருங்கள். ஆண்டில் இருமுறையேனும் கணக்கு ஆசிரியரைக் காணுங்கள். பெண் மக்களுக்கும் இவ்வாறே செய்யுங்கள். ஜமாஅத்தில் மேற்படிப்புப் படித்த வாலிபர்கள் வாரத்தில் ஓரிரவு ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், வீட்டில் இல்லாததை ஊர் ஈடு செய்யும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.