சைக்கிள் பூட்டின் பழுதும் அதன் பரிகாரமும்

விடியற்காலையில் சங்கத்திற்குப் பால் கொண்டுவரும் அங்கத்தினர், உரத்திற்குப் பணம் கட்ட வருபவர், தவணை வசூலுக்காக ஊர் ஊராய்ச் செல்லும் சங்கச் சிப்பந்தி ஆகிய பலரும் சைக்கிளை நம்பியே காரியம் நடத்தி வருகின்றனர். பிரேக்கையும் சங்கிலியையும் டயரையும் கருத்துடன் கவனிப்பவர்கள்கூட, பின்சக்கரத்தின்மேல் பொருத்தப்பட்டிருக்கும் பூட்டைக் கவனிப்பது அரிது. அது ஒரு நாள் திறவாமற் போனாலொழிய அதன் நினைவே வருவதில்லை. ஆனால் தேய்ந்த பூட்டு, திறவாமல் மக்கர் செய்வதற்கு வெகு நாட்களுக்கு முன்பே, யார் திறந்தாலும் திறக்கும் நிலையை அடைந்துவிடுகிறது. எளிதில் திறக்கும் பூட்டைப்பற்றி எவரும் குறை கூறுவதில்லை; ஆதலின் அப்பழுது உடையவருக்குத் தெரியுமுன் அயலாருக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு.

குதிரை லாடம்போல் வளைந்திருக்கும் இப்பூட்டின் அமைப்பு மிகவும் எளியது. கூட்டினுள் வளைந்த எஃகுக் கம்பியொன்று மறைந்திருக்கும். பக்கத்திலுள்ள பிடியைக் கீழே அழுத்தினால் அக்கம்பி ஆரக்கம்பிகளுக்கு ஊடே சென்று மறுபக்கத்துத் துளையில் நுழையும். உள்ளிருக்கும் கொண்டியொன்று அதனைப் பற்றிக்கொள்ளும். திறவுகோலைத் திருப்பினால் கொண்டி விலகும். ஸ்பிரிங் கம்பியை மேலே இழுத்துவிடும். கொண்டியை விலகவொட்டாமல் தடுத்து நிற்பவை சில மெல்லிய தகடுகளே. திறவுகோலின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்கு, கூடாமலும் குறையாமலும், நகர்த்தினால்தான் கொண்டி வழிவிடும். 1778-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் லீவர் பூட்டுக்கு உரிமை பெற்றபோது ஆதாரமாகக் கொண்ட தத்துவமும் இதுவே. ஒரு பூட்டின் காவல் அதன் கனத்திலோ பளபளப்பிலோ இல்லை. அந்தச் சிறு அளவுகளின் துல்லியத்தில் இருக்கிறது.

அத்துல்லியம் முதலில் கெடுவது திறவுகோலில். சைக்கிளில் ஏறிச் செல்லும் நேரம் முழுவதும் பெரும்பாலான பூட்டுகளில் திறவுகோல் பூட்டிலேயே செருகியிருக்கும். அதனுடன் வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, மோட்டார் கொட்டகைச் சாவி யாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடுவது பலருடைய வழக்கம். வண்டி குலுங்குந்தோறும் அக்கொத்து ஆடி, திறவுகோலின் பற்களையும் பூட்டின் வாயையும் அராவிக்கொண்டே வருகிறது. கொத்தில் நீண்ட கயிறு கட்டியிருந்தால் அது ஆரக்கம்பியில் சிக்கவும் கூடும். பற்கள் தேய்ந்தபின் திறவுகோலை அசைத்தும் ஆட்டியும் திறக்க வேண்டி வரும். அவ்வாறு ஆட்டுவதால் உள்ளிருக்கும் தகடுகளும் தேய்கின்றன. அதன் பிறகு அதே ஜாதிப் பூட்டின் வேறொரு சாவியோ, தட்டையாக்கிய ஆணியோகூட அதனைத் திறந்துவிடும்.

பூட்டு எந்த நிலையில் இருக்கிறதென்று அறிவதற்கு நிபுணர் எவரும் வேண்டியதில்லை. பூட்டிய பின் பிடியைப் பலமாக மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். கம்பி சிறிதேனும் பின்வாங்கினால் கொண்டி தேய்ந்துவிட்டது என்பது நிச்சயம். திறவுகோலைப் பாதி திருப்பிய நிலையில் இழுத்தால் அது கையோடு வரலாகாது. வந்தால் பற்களோ தகடுகளோ தேய்ந்திருக்கின்றன. மூன்றாவது சோதனைக்குச் சங்கத்தின் பொதுக்கூட்ட நாள் மிகவும் ஏற்றது. வாயிலில் நிற்கும் சைக்கிள்களின் பூட்டுகளில், உடையவர்கள் முன்னிலையிலேயே, ஒருவருடைய சாவியை மற்றொருவர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். விலை மலிந்த பூட்டுகளில் சாவியின் வகைகள் சொற்பமாதலால், புதிய பூட்டுகளிலும் ஒன்றன் சாவி மற்றொன்றுக்குப் பொருந்துவது உண்டு. பத்து நிமிஷ வேடிக்கையாகத் தோன்றும் இச்சோதனை, சிலருடைய மனத்தில் இருந்த தைரியத்தைக் குலைத்துவிடக்கூடும். சந்தையில் குலைவதைவிடக் கூட்டத்தில் குலைவது மேல்.

திருட்டைக்காட்டிலும் அஞ்சத்தக்க வேறொன்றும் இதில் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. பல பூட்டுகளில், திறந்திருக்கும்போது கம்பியை மேலே நிறுத்தி வைப்பது ஸ்பிரிங் ஒன்றே. அது துருப்பிடித்துத் தளர்ந்தாலோ அறுந்தாலோ, மேடுபள்ளமான பாதையில் குலுங்கும்போது கம்பி தானாகவே இறங்கி, சுழன்றுகொண்டிருக்கும் ஆரக்கம்பிகளினிடையே நுழைந்துவிடும். சக்கரம் அக்கணமே நின்றுபோம், ஆரக்கம்பிகள் ஒடியும், பின்னால் பால் கேனோ மூட்டையோ இருக்குமாயின் ஏறியிருப்பவர் அதனோடு சேர்ந்து விழுவார். ஆகையால் ஸ்பிரிங்கைச் சோதிப்பது முதற்கடமை. திறவுகோலைத் திருப்பியதும் கம்பி 'சடக்'கென்ற ஓசையுடன் முழுவதும் உள்ளே செல்ல வேண்டும். கையால் தூக்கிவிட்டால்தான் ஏறுகிறதென்றால், அன்றே அப்பூட்டைச் சட்டத்திலிருந்து கழற்றிவிடுவது நலம். இதற்குத் திருப்புளியும் சில நிமிஷங்களும் போதும். வழியில் பழுது நேர்ந்து கழற்ற முடியாதாயின், பிடியை மேல் நிலையில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டு மெதுவாக வீடு சேரலாம். மறுநாளும் அக்கட்டோடே கிளம்புவது தகாது.

எண்ணெய் இடும் விஷயத்தில் கிராமங்களில் வழங்கும் முறை பெரும்பாலும் தவறானது. கைக்கு அகப்பட்ட தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ சாவித்துவாரத்தில் ஊற்றுகிறார்கள். முதல் நாள் பூட்டு இலகுவாகத் திறக்கும். நாளடைவில் அவ்வெண்ணெய் புழுதியோடு கலந்து பிசினாகித் தகடுகளை ஒட்டவைத்துவிடும். தேங்காயெண்ணெயோ மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். இவ்வாறு அடைத்துப்போன பூட்டைக் கழற்றி, துவாரம் கீழ்நோக்கும்படி பிடித்து, மண்ணெண்ணெயால் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் நன்றாக உலரவிட வேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் எட்ட இருந்து இதனைச் செய்ய வேண்டுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்தபின் தையல் இயந்திரத்திற்கு இடும் மெல்லிய எண்ணெய் ஓரிரு துளி போதும். எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியை நுண்ணிய பொடியாக்கிச் சாவியின் பற்களில் தடவி, பலமுறை செருகி எடுப்பதும் நல்ல முறையே. புழுதி அதில் ஒட்டாது. இரண்டையும் சேர்த்து இட்டால் குழம்பாகி, பழைய கதையே திரும்பும்.

மழைக்காலத்தில் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறு பூட்டின் வாயில் படிந்து காய்ந்துவிடும். சேற்றோடு சாவியைச் செருகித் திருப்புவது அரத்தால் அராவுவதற்கு ஒப்பாகும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துப் பின்னரே திறக்க வேண்டும். சாவி திரும்பாதபோது குறட்டால் பிடித்து முறுக்குவதாலேயே அது துவாரத்தினுள் ஒடிகிறது. ஒடிந்துபோனால் மீதித் துண்டை உள்ளே தள்ளாமல், மெல்லிய ரம்ப அலகின் துண்டொன்றை அதன் அருகே செருகிப் பல்லில் மாட்டி வெளியே இழுக்கலாம். அதற்கும் வராவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கி, முன்சக்கரத்தால் உருட்டிக் கடைக்குக் கொண்டுசெல்வதே உத்தமம். ஆரக்கம்பியை வெட்டிச் சைக்கிளை விடுவிப்பதில் பூட்டின் விலைக்கு மேல் நஷ்டம் உண்டாகும்.

மாற்றுச் சாவி செய்விக்கையில் பலர் ஏமாறுகின்றனர். தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுத்தால், புதிய சாவியும் அந்தத் தேய்மானத்துடனேயே பிறக்கும். பூட்டு வாங்கும்போது கிடைக்கும் இரண்டு சாவிகளில் ஒன்றை உபயோகத்திற்கும், மற்றொன்றை மாதிரிக்காகவும் ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு சாவி கொடுத்தும் பயனில்லை. தகடுகளே தேய்ந்துவிட்டால் எந்தச் சாவியாலும் பயனில்லை. பூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

சங்கத்துக்குச் சொந்தமான சைக்கிளாயின் இன்னும் சற்று ஒழுங்கு தேவை. உபயோகிக்கும் சாவி சிப்பந்தியிடமும், மாதிரிச் சாவி சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் இருக்க வேண்டும். சாவியில் பொறித்திருக்கும் எண்ணையும், சைக்கிள் சட்டத்தில் இருக்கைக்கு அருகிலோ மிதிகட்டைகளுக்கு நடுவே அடிப்புறத்திலோ பொறித்திருக்கும் எண்ணையும் சொத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தல் அவசியம். களவு போனபின் போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சட்ட எண்ணே. பூட்டு தேய்ந்துவிட்டதென்று சிப்பந்தி சொல்லும்போது, அற்பச் செலவென்று நிர்வாக சபையார் அதனை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைப்பதுண்டு. பழுதை அறிவித்த தேதியைப் பதிவேட்டில் குறித்துவிட்டால், பின்னர் சைக்கிள் காணாமற் போகுமாயின் பொறுப்பு சிப்பந்தி ஒருவர் தலையில் மட்டும் விழாது.

சந்தை, திருவிழா, ஆஸ்பத்திரி வாயில் போன்ற இடங்களில் நல்ல பூட்டும் தனியே போதாது. அது சக்கரத்தைச் சுழலவொட்டாமல் தடுக்குமேயன்றி, இருவர் சேர்ந்து சைக்கிளைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. அங்கெல்லாம் சட்டத்தையும் ஒரு கம்பத்தையும் சங்கிலியால் பிணைத்துத் தனிப் பூட்டு இடுதல் வேண்டும். இதற்கு லீவர் பூட்டு ஏற்றது. கையால் செய்யப்படும் லீவர் பூட்டுகளுக்குப் பெயர்போன திண்டுக்கல்லின் பூட்டுகள் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. சங்கிலியை மரக்கிளையிலோ, மேலே தூக்கி உருவக்கூடிய குட்டையான முளையிலோ மாட்டலாகாது. சங்கிலி தரையில் கிடக்கும்படி தளர்த்தியும் விடலாகாது. தரையில் கிடக்கும் கண்ணியின்மேல் உளி வைத்து ஒரே அடியில் அறுத்துவிடலாம். இறுகி அந்தரத்தில் நிற்கும் கண்ணியை அவ்வாறு அறுப்பது கடினம்.