செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா? வணிகர் அறிய வேண்டிய பாடம்

வியாபாரத்துக்கு முதல் தேவை சரக்கு. அடுத்த தேவை சேதி. விருதுநகர் மார்க்கெட்டில் துவரை, உளுந்து, மல்லி, வத்தல் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் கொள்முதல் செய்பவர் கைப்பொருளை இழப்பார். ஒரு காலத்தில் தந்தியும் டிரங்க் காலும் சுமந்த சேதியை இன்று இணையம் சுமக்கிறது. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றே போயிற்று.

சேதி மட்டுமல்ல, சட்டமும் இணையத்தின் வழியாகத்தான் கடைக்குள் வருகிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி., 2018 ஜூன் முதல் நம் மாநிலத்துக்குள்ளேயே 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில், 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் என்று வந்துவிட்டன. மூட்டை லாரியில் ஏறிவிட்டாலும் பில் வராவிட்டால் வண்டி நகராது. ஆகவே, இணையம் எந்தக் கம்பியில் வருகிறது என்பது நமக்கு வேண்டாத கேள்வி அல்ல.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

செம்புக் கம்பியில் போவது மின்சாரம். அது பேச்சுக்காகப் போடப்பட்ட கம்பி. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அதே கம்பியில் பிராட்பேண்ட் தரத் தொடங்கியது. தொலைபேசி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடைக்கு வேகம் கிடைக்கும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேகம் தேய்ந்துவிடும். இணைப்பு முடிச்சில் மழைநீர் இறங்கினால் களிம்பு ஏறும்.

கண்ணாடி இழையில் போவது ஒளி. பத்து கிலோமீட்டர் தாண்டினாலும் வேகம் குறைவதில்லை, களிம்பு ஏறுவதில்லை. பிற்காலத்தில் அதிக வேகம் வேண்டுமானால் இரு முனையிலும் உள்ள கருவியை மாற்றினால் போதும். இழையை மாற்ற வேண்டியதில்லை.

இழைக்கும் குறை உண்டு. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்துப் பேட்டரியிலிருந்தே வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். கண்ணாடி இழையின் கருவிக்கு நம் கடையில்தான் கரண்ட் வேண்டும். இழை அறுந்தால் கையால் முறுக்கி ஒட்ட முடியாது. உருக்கி இணைக்கும் இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும்.

வெளிநாடு கற்ற பாடம்

ஆஸ்திரேலியாவில் 2009-இல் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு நேரடியாக இழை கொண்டுசெல்வோம் என்று அரசு அறிவித்தது. 2013-இல் ஆட்சி மாறியது. தெருமுனை வரை இழை, அங்கிருந்து பழைய செம்புக் கம்பி என்று செலவையும் காலத்தையும் குறைக்க முனைந்தார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கடைசியில் 2020 செப்டம்பரில் அதே அரசு, செம்பில் விட்ட பகுதிகள் பலவற்றுக்கும் இழையே தருவதாக அறிவித்தது. ஒரே தெருவுக்கு இரண்டு தடவை செலவு. மலிவாக வாங்கிய தராசை மறு வருடமே மாற்றியது போன்ற கதை இது.

நம் நாட்டின் நிலை

மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சுமார் 20,000 கோடி ரூபாயில் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைப்பது நோக்கம். பின்னர் இதற்குப் ‘பாரத்நெட்’ என்று பெயர் வந்தது. முதல் 1 லட்சம் ஊராட்சிகளை முடிக்கவே 2017 டிசம்பர் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒப்புதல் பெற்றது. ஒற்றை வழியாகப் போட்ட இழையை வளையமாக மாற்றுவது இதன் முக்கிய அம்சம். ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கம் வழியாகச் சேதி போகும். ஒரு சாலை அடைபட்டால் லாரி வேறு சாலையில் வருவது போல.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பணியை மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. டெண்டர் விதிகள் பற்றிய புகாரால் 2020 ஜூனில் மத்திய அரசு மறு டெண்டர் விடச் சொன்னது. 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி தொடங்கியது.

இது யாரோ கொடுக்கும் தர்மம் அல்ல. தொலைபேசி நிறுவனங்கள் வருவாயில் 5 சதவிகிதத்தைச் செலுத்திச் சேர்ந்த நிதியிலிருந்துதான் திட்டம் தொடங்கியது. அந்த வருவாய் நாம் கட்டிய பில்தானே? கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் மாவட்டத்துக்கு ஏன் முக்கியம்?

விருதுநகர் மாவட்டத்தில் 450 ஊராட்சிகள் உள்ளன. பட்டாசு ஆலைகள் பாதுகாப்பு இடைவெளி கருதி ஊருக்கு வெளியே, கிராமப்புறங்களில் இருக்கின்றன. அந்தத் தொழிலாளர் குடும்பங்களை நம்பித்தான் அங்கே மளிகைக் கடைகள் நடக்கின்றன. சிவகாசி நகரத்துக்கு மட்டும் வேகம் வந்தால் பாதிச் சந்தைக்குத்தான் வந்ததாகும்.

“செல்போன் இருக்க, கம்பி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கி, மாதம் ஒரு முறை ஆடிட்டரிடம் கணக்குக் கொடுக்கும் சிறு கடைக்கு செல்போனே போதும்; வீண் செலவு வேண்டாம். ஆனால் மூன்று நான்கு கம்ப்யூட்டர், நாள் முழுவதும் பில், குடோனில் கேமரா என்று நடத்தும் மொத்த வியாபாரிக்கு அது போதாது. மேலும், செல்போன் கோபுரத்துக்கும் நல்ல வேகம் வேண்டுமானால் இழைதான் வந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பாரத்நெட் இழை ஊராட்சி அலுவலகம் வரைதான் வருகிறது. அங்கிருந்து கடைக்கு யார் கொண்டுவருவார், கருவி இயங்குகிறதா என்று மே 1, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் எழுத்து மூலம் கேளுங்கள்.

2. பழைய இணைப்பை மாற்றும்போது அதே தொலைபேசி எண் நிலைக்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எண்ணும் கடையின் சொத்து.

3. இழைக் கருவிக்குத் தனியே சிறு யு.பி.எஸ். வையுங்கள்.

4. வேறு நிறுவனத்தின் செல்போன் டேட்டாவை மாற்று வழியாக வைத்திருங்கள்.

5. பட்டாசு வியாபாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தடை விதித்தது. வேகமான இணையம் அந்தத் தடையை நீக்கிவிடாது.

செம்பா, இழையா என்ற வழக்கு முடிந்துவிட்டது, இழையே வென்றது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து கல்லா வரையுள்ள கடைசித் தூரமும், அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்பதும்தான் இன்னும் முடியாத வழக்கு. அவ்விரண்டையும் சங்கங்கள் ஒன்றாகக் கேட்டால் பதில் கிடைக்கும். தனித்தனியே கேட்டால் ரசீது மட்டுமே கிடைக்கும்.