தூண் ஏன் நெளிகிறது?

பிளாஸ்டிக் அடிக்கோலை மேசைமீது நிமிர்த்தி, அதன் தலையை உள்ளங்கையால் அழுத்துவோம். சிறிது நேரம் அசையாது நிற்கும். பின்பு திடீரென வில்லாக வளையும். கையை எடுத்தால் நிமிர்ந்துவிடும். கொத்தனாரின் கட்டுக்கம்பியில் ஒரு சாண் எடுத்து இவ்வாறே அழுத்தினால், வளைந்தது வளைந்ததுதான்.

முதல்வகை வளைவுக்கு ஆய்லர் என்ற கணித மேதை 1744-இல் கணக்கு வகுத்தார். மெலிந்த தூணின் நீளத்தை இருமடங்காக்கினால், அது தாங்கும் பளு நான்கில் ஒன்றாகும். வியப்பு என்னவெனில், உலோகத்தின் வலிமை இக்கணக்கில் வருவதே இல்லை. அதன் விறைப்பைக் குறிக்கும் யங் குணகமே வருகிறது.

ஆனால் பாலங்களின் தடித்த உறுப்புகளில், நெளியும் முன்னரே தகைவு மீட்சி எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அதற்குமேல் பளு சிறிது கூடினாலும் சுருக்கம் மிகுதி. பழைய யங் குணகத்தைப் போட்டால் விடை ஆபத்தான அளவுக்குப் பெரிதாக வரும். தகைவு-திரிபு வரைகோட்டில் அவ்விடத்துத் தொடுகோட்டின் சரிவையே எடுக்க வேண்டும் என்றார் ஜெர்மானியப் பொறியியலார் எங்கெஸ்ஸர், 1889-இல். (தொடுகோடு எதற்குப் பயன்படும் என்று கணித வகுப்பில் முணுமுணுப்போர் கவனிக்க!) வளையும் தூணின் வெளிப்புறம் பளு குறைந்து பழைய விறைப்பைப் பெறுமே என்று பின்னர் கணக்கைத் திருத்தினர், விடை கூடியது. சோதனைகளோ தொடுகோட்டின் பக்கமே நின்றன. பளு ஏறிக்கொண்டிருக்கும்போதே தூண் வளையத் தொடங்கிவிடுகிறது என்று 1947-இல் ஷான்லி காரணம் காட்டினார்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கல்ல. கனடாவில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கியூபெக் பாலம் எழும்பிக் கொண்டிருந்தது. நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியவர்கள், பாலத்தின் எடையைத் திருத்திக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில், கீழ்ப்புற அழுத்த உறுப்பு ஒன்று 2¼ அங்குலம் வளைந்திருந்தது. பொருத்தும் முன்பே அது வளைந்ததுதான் என்றனர் சிலர். ஆனால் ஏறக்குறைய ஒரு வாரத்திற்கு முன் அவ்வளைவு முக்கால் அங்குலமே!

பொறியியலார் மெக்லூர் ரயிலேறி, நியூயார்க்கில் இருந்த ஆலோசகர் கூப்பரிடம் விரைந்தார். 29-ஆம் தேதி, மேலும் பளு ஏற்றலாகாதெனக் கூப்பர் தந்தி கொடுத்தார். அது ஃபீனிக்ஸ்வில் நகரிலிருந்த நிறுவனத்துக்குப் போயிற்று, ஆற்றங்கரைக்கு அல்ல. அன்று மாலை, வேலை முடியும் வேளையில் பாலம் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர்.

அந்த உறுப்பு நான்கு தகட்டு விலாக்களால் ஆனது. அவற்றைப் பிணைத்த பின்னல் பட்டைகள் மிக மெலிந்தவை என விசாரணைக் குழு கண்டது. 1917-இல் முடிந்த புதிய பாலத்தில் அதே உறுப்பின் குறுக்குப் பரப்பை இருமடங்குக்கு மேல் பெருக்கினர். அதன்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது.