கூட்டாகத் தொழில் தொடங்கும் முன்



"நாம பத்து வீடு சேர்ந்து ஒரு மளிகைக் கடையோ தையற்கூடமோ போட்டால் என்ன?" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. நல்ல எண்ணம். கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவாகிவிட்டது. இருந்தும் புதிய கூட்டுத் தொழில்கள் தொடக்கத்திலேயே தடுமாறுவது ஏன்?

இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் ஊர். அங்கே 1833-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. கடனுக்குச் சரக்குக் கொடுத்ததே காரணம். 1844-இல் அதே தெருவில் 28 பேர் மீண்டும் தொடங்கினார்கள். வாரந்தோறும் சில்லறையாகச் சேர்த்த 28 பவுண்டுதான் முதல். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று நாலைந்து சரக்குகளே. ஆனால் இம்முறை ரொக்க வியாபாரம் மட்டும். அந்தக் கடை நிலைத்தது. உலகக் கூட்டுறவுகளுக்கு முன்மாதிரியும் ஆனது.

நமக்கு வரும் சிரமங்களும் இவைதான்:

1. முதல். வட்டிக்கு வாங்க மாட்டோம் என்றால், பணம் நம் கையிலிருந்தே வர வேண்டும். எனவே சிறிதாகத் தொடங்குவோம். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்ய நம் மாநிலத்தில் குறைந்தது 25 பேர் வேண்டும். அதுவரை சேர்த்துப் பழகுவோம்.

2. கடன். மச்சானும் மாமியும் கேட்டால் மறுக்க முடிவதில்லை. "கடைக்குக் கடன் இல்லை" என்ற விதியை முதல் நாளே எழுதி ஒட்டினால், மறுப்பது விதிதான், ஆள் அல்ல. முடியாதவருக்கு உதவுவது ஸதக்கா. அதைக் கடைப் பணத்தில் செய்யக் கூடாது.

3. கணக்கு. "பெரியவர், அவரிடமா கணக்குக் கேட்பது?" என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுதுவது சந்தேகத்தால் அல்ல, உறவு முறியாதிருக்கவே. மாதம் ஒருநாள் எல்லோர் முன்பும் வரவு செலவைப் படிப்போம். ராச்டேலில் போல, எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பெண்களுக்கும் அது உண்டு.

வீட்டில் பேசிப் பாருங்கள்:
• முதல் ஆறு மாதம் லாபம் இல்லாவிட்டால் நம் வீடு தாங்குமா?
• ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்போது, எப்படித் திருப்புவது?
• சாவி ஒருவரிடம், கணக்கு வேறொருவரிடம் இருக்க எல்லோரும் சம்மதமா?

இவற்றுக்குப் பதிலை எழுதிக் கையெழுத்திட்ட பிறகு கடைக்கு இடம் தேடுவோம். அல்லாஹ் பரக்கத் செய்வானாக!